எந்த வருஷத்து அலி?

விழுப்புரத்தில் பாசஞ்சர் கிளம்பும்போதே சண்டை ஆரம்பமாகிவிட்டது. எதிர் இருக்கையில் ஒரு பெரியவர், பக்கத்தில் அவருடைய தம்பி மகன். பையனின் கைபேசியில் மைக் டைசனின் பழைய சண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் சாய்த்தாரே, அதை மூன்றாவது முறையாகப் போட்டுக் காட்டினான்.

"பெரியப்பா, உங்க அலி இவர்கிட்ட நாலு ரவுண்டு தாங்கமாட்டார்."

"போடா. அலி கால் மாத்த ஆரம்பிச்சா உன் டைசன் காத்தைத்தான் குத்திக்கிட்டு நிப்பான். நான் நேர்ல பார்த்தவன்டா. எண்பதுல, நேரு ஸ்டேடியத்துல."

பெரியவர் கதை விடவில்லை. 1980 தொடக்கத்தில் முகமது அலி மெட்ராசுக்கு வந்தார். முன்னாள் உலக சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை போட்டார். முதல்வர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று கட்சி கட்டிக் குத்துச்சண்டை பார்த்த வடசென்னைக்கு அது திருவிழா.

முண்டியம்பாக்கத்தில் மல்லாட்டை விற்கிற அம்மா ஏறினார். ஆளுக்கொரு பொட்டலம் வாங்கினார்கள். வாய் மென்றதே தவிர வாதம் நிற்கவில்லை. (மல்லாட்டை என்பது மணிலாக்கொட்டையின் தென்னார்க்காட்டுச் சுருக்கம். அலியும் ஜோ ஃப்ரேசியரும் 1975-இல் கடைசியாக மோதியது அதே மணிலாவில்தான். அன்றைக்கு அந்தப் பெட்டியில் இதை நான் சொல்லியிருந்தால் இருவரும் என்னை இறக்கிவிட்டிருப்பார்கள்.)

வெவ்வேறு காலத்து இரண்டு பேர் மோதினால் யார் ஜெயிப்பார்? கவாஸ்கரா டெண்டுல்கரா, ஆனந்தா குகேஷா என்று நாமும் எங்காவது இந்த வாதத்தில் மாட்டியிருப்போம். "அதெல்லாம் சொல்ல முடியாதுப்பா" என்று ஒதுங்குவது சுலபம். ஓரளவு சொல்ல முடியும் என்பது என் கட்சி. ஆனால் பெரியவரும் பையனும் கேட்ட மாதிரி கேட்டால் முடியாது.

தராசு உள்ள ஆட்டம், இல்லாத ஆட்டம்

திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை மூட்டையை எடை போடுகிறார்கள். போன வருஷத்து மூட்டை இன்று எங்கும் இல்லை. எண்ணெயாகி, புண்ணாக்காகிப் போயிருக்கும். ஆனாலும் எது கனம் என்று சொல்லிவிடலாம். சீட்டில் கிலோ எழுதியிருக்கிறது. இரண்டு மூட்டைகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஓட்டப் பந்தயமும் இந்த ஜாதிதான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 நொடியில் முடித்தார். நொடியில் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலம் போனது. 39 வருஷம் யாரும் அந்தத் தேசியச் சாதனையைத் தொடவில்லை. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோயம்புத்தூர் வித்யா ராமராஜ் ஓடினார். கடிகாரம் காட்டியது 55.42. நூறில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, குறையவில்லை. உஷா ஓடியபோது வித்யா பிறக்கவே இல்லை. இருவரையும் ஒப்பிட ஒரு கடிகாரம் போதுமாக இருந்தது.

இப்படி எதிராளி இல்லாமலே அளக்க முடிகிற திறமையைத் தனி அளவு என்று வைத்துக்கொள்வோம்.

குத்துச்சண்டைக்குத் தனி அளவு கிடையாது. அலி எத்தனை? எத்தனை என்ன? கிலோவா, நொடியா? ஒரு குத்து எவ்வளவு நல்ல குத்து என்பதுகூட எதிரே இருந்தவரின் தலை அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. நம்மிடம் இருப்பதெல்லாம் யார் யாரை அடித்தார் என்ற பட்டியல் மட்டும். இது சார்பு அளவு. ஒருவரைச் சொல்ல இன்னொருவர் வேண்டும்.

சங்கிலி போட்டுப் பார்ப்போம்

பட்டியல் இருக்கிறதல்லவா, அதை வைத்தே சங்கிலி கோக்கலாமே என்று தோன்றும். அவர் இவரை அடித்தார், இவர் இன்னொருவரை அடித்தார், ஆகவே அவர் இன்னொருவரை அடிப்பார். ஹெவிவெயிட்டில் இதைக் கோப்பது சிரமமில்லை. நிதானமாகக் கோத்துப் பார்ப்போம்.

1930-களிலும் 40-களிலும் கொடிகட்டிப் பறந்தவர் ஜோ லூயிஸ். 1951 அக்டோபரில் நியூயார்க்கில் ராக்கி மார்சியானோ அவரை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். மார்சியானோ 1956-இல் ஓய்வு பெற்றபோது 49 சண்டை, 49 வெற்றி. அவரும் அலியும் மோதவே இல்லை. ஆனால் இடையில் ஆர்ச்சி மூர் என்றொருவர் இருக்கிறார். 1955-இல் மார்சியானோ மூரை ஒன்பதாவது ரவுண்டில் முடித்தார். 1962-இல் அலி, அப்போது கேஷியஸ் கிளே, அதே மூரை நான்கே ரவுண்டில் முடித்தார். அப்புறம் 1980 அக்டோபரில் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ் அலியைத் தோற்கடித்தார். 1988 ஜனவரியில் டைசன் ஹோம்ஸை நான்காவது ரவுண்டில் சாய்த்தார்.

கணக்கு முடிந்தது. டைசன் ஹோம்ஸைவிடப் பெரியவர், ஹோம்ஸ் அலியைவிட, அலி மார்சியானோவைவிட, மார்சியானோ லூயிஸைவிட. பையன் கட்சி ஜெயித்தது. அப்படித்தானே?

ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பேரின் வயதையும் எழுதிப் பாருங்கள். லூயிஸுக்கு 37, மார்சியானோவுக்கு 28. அலியிடம் விழுந்தபோது மூருக்குக் குறைந்தது 45 (அவர் பிறந்த வருஷத்தைப் பற்றியே இரண்டு கருத்து உண்டு, இன்னொன்றின்படி 48), அலிக்கு 20. அலி ஹோம்ஸிடம் தோற்றபோது 38, ஹோம்ஸுக்கு 30. ஹோம்ஸ் டைசனிடம் விழுந்தபோது 38, டைசனுக்கு 21. போதாக்குறைக்கு ஹோம்ஸ் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார்.

ஒரு கணு விடாமல் கிழவர் இளைஞரிடம் தோற்றிருக்கிறார். இது தற்செயல் இல்லை. இரண்டு தலைமுறைச் சாம்பியன்கள் சந்திக்கிற ஒரே இடம், மூத்தவர் இறங்குகிற படியும் இளையவர் ஏறுகிற படியும் குறுக்கிடுகிற இடம்தான். மூத்தவரின் உச்சத்தில் இளையவர் பள்ளிக்கூடத்தில் இருப்பார். அதனால் இந்தச் சங்கிலியை எங்கே பிடித்து இழுத்தாலும் அது பின்னால் வந்தவர் பக்கமே சாயும். 1900-இல் தொடங்கி 2024 வரை கோத்தாலும் கடைசியாக வந்தவரே எல்லாரையும்விடப் பெரியவர் என்றுதான் சொல்லும். தராசில் ஒரு தட்டுக்கு அடியில் கல் ஒட்டியிருப்பது போல.

இங்கே பெரியவர் கட்சிக்கும் ஒரு இடி. அவர் மெட்ராசில் நேரில் பார்த்த அலிக்கு 38 வயது. ஓய்வு அறிவித்துவிட்டிருந்தவர். அந்த வருஷம் அக்டோபரில் ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கினார். அதற்கு மேல் அவரை அனுப்ப முடியாது என்று பயிற்சியாளர் ஏஞ்சலோ டன்டீ சண்டையை நிறுத்தினார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சித் துணையாக நின்று அடி வாங்கியவர். "நேரில் பார்த்தேன்" என்பது பெரிய சாட்சிதான். ஆனால் அவர் பார்த்த அலியும் அவர் வாதாடுகிற அலியும் வேறு வேறு ஆட்கள்.

கல், காகிதம், கத்திரி

வயதைச் சரிசெய்துவிட்டால் சங்கிலி தேறுமா? தேறாது. மூன்று பேரும் திடகாத்திரமாக இருந்த காலத்திலிருந்தே ஒரு சாட்சி இருக்கிறது.

1971 மார்ச்: ஃப்ரேசியர் அலியை வென்றார். 1973 ஜனவரி: ஜார்ஜ் ஃபோர்மன், ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை தரையில் உருட்டினார். அப்படியானால் ஃபோர்மன் அலியைப் பிய்த்துவிடுவார் என்பதுதான் சங்கிலிக் கணக்கு. இன்னொரு கணக்கும் அதையே சொன்னது: 1973-இல் அலியின் தாடையை உடைத்துத் தோற்கடித்த கென் நார்ட்டனை 1974-இல் ஃபோர்மன் இரண்டாவது ரவுண்டிலேயே முடித்திருந்தார். அலி உயிரோடு திரும்ப வேண்டுமே என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. எட்டாவது ரவுண்டில் அலி ஃபோர்மனை வீழ்த்தினார்.

அ, ஆ-வை வெல்கிறார். ஆ, இ-யை வெல்கிறார். இ, அ-வை வெல்கிறார். பிள்ளைகள் விளையாடுகிற கல்-காகிதம்-கத்திரி இதுதான். இதை மோதல் சுழல் என்று அழைப்போம்.

சுழல் ஏன் வருகிறது என்பதற்கு உடம்பிலேயே விடை இருக்கிறது. அலிக்குக் கைகளைத் தாழ்த்தி, தலையைப் பின்னுக்கு இழுத்துக் குத்தைத் தப்புகிற பழக்கம். குனிந்தே உள்ளே புகுந்து இடது ஹூக் வீசுகிற ஃப்ரேசியருக்கு அந்தப் பின்னிழுப்பு அல்வா. 1971-இல் கடைசி ரவுண்டில் அலியைத் தரையில் உட்கார வைத்தது அந்த ஹூக்தான். அதே குனிதல் ஃபோர்மனிடம் ஃப்ரேசியருக்கு எமனாயிற்று. கீழிருந்து மேலே வருகிற அவருடைய அப்பர்கட்டுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஃபோர்மனோ அகலமாக, முழு பலத்தோடு வீசுகிறவர். சண்டைகளைச் சீக்கிரம் முடித்துப் பழகியவர். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு, கைகளால் மூடி, அவரை வீசிக் களைக்கவிட்டார். தன் பலம் தீரத் தீர ஃபோர்மனே தன்னைத் தோற்கடித்துக்கொண்டார்.

ஆக, வெற்றி என்பது ஒருவருடைய பைக்குள் இருக்கிற சாமான் இல்லை. இரண்டு பேர் சேரும்போது நடக்கிற காரியம். சுண்ணாம்பு சிவப்பா, மஞ்சள் சிவப்பா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கலந்தால்தான் சிவக்கும்.

கம்ப்யூட்டர் அடித்த நாக் அவுட்

இந்த வாதத்தைத் தீர்க்க ஒரு முறை கம்ப்யூட்டரையே கூப்பிட்டார்கள். 1967-இல் முர்ரே வோரோனர் என்ற அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர், பல காலத்து ஹெவிவெயிட்டுகளை ஒரே போட்டியில் மோதவிட்டார். குத்துச்சண்டை எழுத்தாளர்களிடம் ஒவ்வொருவருடைய வேகம், பலம், தாங்கு சக்தி பற்றி அபிப்பிராயம் கேட்டு, எண்களாக்கி, என்.சி.ஆர். 315 என்ற இயந்திரத்தில் போட்டார்கள். கற்பனைச் சண்டைகளை ரவுண்டு ரவுண்டாக வர்ணனையோடு ஒலிபரப்பினார்கள். மார்சியானோ கோப்பையை வென்றார். அலி, 1899-இல் பட்டம் பெற்ற ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றார்! வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக உரிமம் பறிக்கப்பட்டு நிஜமாகச் சண்டை போட முடியாமல் இருந்த அலி, பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்.

வழக்கு சமாதானமாகி, கடைசியில் சினிமாவானது. ஓய்வு பெற்று 13 வருஷமாகியிருந்த மார்சியானோ உடம்பைக் குறைத்து, வழுக்கைக்கு விக் வைத்துக்கொண்டு வந்தார். இருவரும் முடிவு தெரியாமல் எல்லா விதமான காட்சிகளையும் நடித்துக் கொடுத்தார்கள். படம் வெளிவருவதற்கு முன்பே, 1969 ஆகஸ்ட் 31 அன்று மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் திரையில் அவர் அலியை 13-ஆவது ரவுண்டில் வீழ்த்தினார். ஐரோப்பாவில் காட்டிய ஒரு பிரதியில் அலி ஜெயித்தார்.

ஒரே கம்ப்யூட்டர், கடலைத் தாண்டியதும் வேறு தீர்ப்பு. சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும். இயந்திரத்துக்குள் போனது எழுத்தாளர்களின் அபிப்பிராயம். வெளியே வந்ததும் அதுதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு.

பொதுப் பானைக் காசு

இதைவிட நாணயமான வழி சதுரங்கத்தில் பிறந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகம் கற்பித்த ஆர்பாட் எலோ வகுத்தது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் எடுத்துக்கொண்டது. எலோ மதிப்பெண்ணை இப்படி நினைத்துக்கொள்ளலாம்: ஆடுகிற எல்லாரும் ஒரு பானைக் காசைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்றவரிடமிருந்து ஜெயித்தவருக்குக் கொஞ்சம் காசு போகும். பலமானவரை அடித்தால் நிறைய. பலவீனமானவரை அடித்தால் சில்லறை. நூற்றுக்கணக்கான ஆட்டத்துக்குப் பிறகு ஒவ்வொருவர் கையிலும் இருக்கிற காசே அவர் பலம். இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் நான்கு புள்ளிக்கு மூன்று எடுப்பார் என்று பொருள்.

ஆனந்தின் உச்சம் 2011-இல் 2817. குகேஷ் 2024 அக்டோபரில் தொட்டது 2794. இரண்டு மாதம் கழித்து 18 வயதில் உலக சாம்பியன். 23 புள்ளி வித்தியாசத்தை எலோ கணக்கில் போட்டால், அந்த ஆனந்தும் இந்தக் குகேஷும் 100 ஆட்டம் ஆடினால் ஆனந்துக்கு 53, குகேஷுக்கு 47. "யார்?" என்று கேட்டோம், "நூறில் எத்தனை?" என்று பதில் வந்திருக்கிறது. சரியான விடையின் வடிவம் இதுதான்.

ஆனால் 2011 பானையும் 2024 பானையும் ஒன்றா? ஓய்வு பெறுகிறவர்கள் காசோடு எழுந்து போகிறார்கள், புதியவர்கள் கொஞ்சம் கொண்டுவருகிறார்கள். காசின் மதிப்பே மாறியிருக்கலாம். சதுரங்கத்துக்கு இதற்கும் மருந்து உண்டு. ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்த்தலும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதை இன்றைய கணினி மதிப்பிடலாம், உஷாவுக்குக் கடிகாரம் போல. குத்துச்சண்டையில் அந்த மருந்து கிடையாது. எண்ணிக்கையும் பற்றாது. குகேஷும் டிங் லிரெனும் ஒரு பட்டத்துக்காக 14 ஆட்டம் ஆடினார்கள். அலியும் ஃபோர்மனும் வாழ்நாளிலேயே ஒரு முறைதான்.

தண்டவாளம் வேறு

விழுப்புரம் ஜங்ஷனில் வயதானவர்களைக் கேட்டால் மீட்டர் கேஜ் காலத்தைச் சொல்வார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர். இன்றைய அகலப் பாதையில் 1,676. அந்த வண்டியும் இந்த வண்டியும் பந்தயம் விட்டால் எது முந்தும் என்று கேட்டால், எந்தத் தண்டவாளத்தில் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

மார்சியானோ சுமார் 85 கிலோ. இன்றைய விதிப்படி 90.7 கிலோவுக்குக் கீழே இருப்பவர் ஹெவிவெயிட்டே இல்லை, குரூசர்வெயிட். அன்று பட்டச் சண்டை 15 ரவுண்டு, இன்று 12. 1982-இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ சண்டையில் அடிபட்டு இறந்த பிறகு வந்த மாற்றம் அது. 1971-இல் அலியை வீழ்த்திய ஹூக் வந்தது 15-ஆவது ரவுண்டில். இன்றைக்கு அந்த ரவுண்டே இல்லை. எடைதான் எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. 2024 மே மாதம் 119 கிலோ டைசன் ஃபியூரியை 101 கிலோ ஒலெக்சாண்டர் உசிக் வென்றார். ஆனால் 16 கிலோ குறைவான மார்சியானோவை அதே உசிக்கின் முன் நிறுத்தினால், பத்தில் ஒன்றுக்கு மேல் மார்சியானோவுக்குத் தர எனக்கு மனம் வரவில்லை.

பத்துக்கு எத்தனை?

இனி பெரியவரும் பையனும். முதலில் வருஷத்தைக் குறிக்க வேண்டும். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் விழுந்த டைசனை எடுத்துக்கொண்டால் பையனுக்கு அநியாயம். 1980 அலியை எடுத்துக்கொண்டால் பெரியவருக்கு அநியாயம். உரிமம் பறிபோவதற்கு முந்தைய 1966 நவம்பர் அலி, வயது 24. ஸ்பிங்க்ஸைச் சாய்த்த 1988 ஜூன் டைசன், வயது 21. இருவரும் நூறு கிலோவுக்குச் சற்றுக் கீழே. எடையில் தகராறு இல்லை. உயரத்தில் அலிக்கு ஐந்து அங்குலம் கூடுதல். அந்தக் காலத்து 15 ரவுண்டா, டைசன் காலத்து 12-ஆ? 12 என்றே வைப்போம், பையனுக்குச் சலுகை.

டைசனுக்கு ஒத்துவராத ஆள் யார்? உயரமாக, இடது கையால் தூரத்திலேயே குத்திக்கொண்டு, பயப்படாமல் நிற்பவர். டக்ளஸ் காட்டிக்கொடுத்தது அதைத்தான். அலி அதில் உலகத்திலேயே மேல். அலிக்கு ஒத்துவராத குத்து எது? இடது ஹூக். 1963-இல் ஹென்றி கூப்பர், 1971-இல் ஃப்ரேசியர், இருவரும் அவரைத் தரைக்கு அனுப்பியது அதனால்தான். டைசனிடம் இருந்த இடது ஹூக்குக்கு விளக்கம் வேண்டாம். முதல் நான்கு ரவுண்டு டைசனுடையது. அதைத் தாண்டினால் அலியுடையது. பத்துச் சண்டையில் அலிக்கு ஆறு, டைசனுக்கு நான்கு என்பது என் கணக்கு. பையன் சொன்ன நாலு ரவுண்டு முழுக்கத் தப்பில்லை என்பதையும் கவனியுங்கள்.

இதையெல்லாம் அவர்களிடம் சொல்லவில்லை. மயிலம் தாண்டியதும் பெரியவர் மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். "உங்க அப்பனைக் கேளுடா, அவனும்தான் எங்கூட வந்தான்" என்று சொல்லிக்கொண்டே திண்டிவனத்தில் இறங்கினார். உங்கள் பெட்டியில் இப்படி ஒரு வழக்கு வந்தால், கட்சி சேர்வதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: எந்த வருஷத்து அலி?